கதையில் அடிக்கும் பொய் வாசனை

"டுமீல்!"

நள்ளிரவு. மாளிகையில் துப்பாக்கி வெடிக்கிறது. சீமான் நாற்காலியில் பிணமாகக் கிடக்கிறார். துப்பறியும் நிபுணர் கதவை உடைத்துக்கொண்டு உள்ளே நுழைகிறார். மூக்கை உறிஞ்சுகிறார்.

"ஆ! கார்டைட் வாசனை! சுட்டவன் இப்போதுதான் ஓடியிருக்கிறான்!" என்கிறார்.

ஆங்கிலத் துப்பறியும் கதைகளைப் படிக்கிறவர்களுக்கு இந்தக் காட்சி நன்றாகப் பழக்கமானது. கதை இன்றைய லண்டனில் நடந்தாலும் சரி, இன்றைய நியூயார்க்கில் நடந்தாலும் சரி. துப்பாக்கி வெடித்தால் "கார்டைட்" வாசனை வந்தே தீரும்!

ஆனால், உண்மையில் அந்த வாசனை வராது. வர முடியாது. ஏன் என்றால், இன்றைய தோட்டாக்களில் கார்டைட் இல்லை.

"கதைதானே! வாசனை எதுவாக இருந்தால் என்ன?" என்று நீங்கள் கேட்கலாம்.

அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. ஒரு சொல்லுக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டு அதை எழுத வேண்டும். தெரியாவிட்டால், தெரிந்த எளிய சொல்லை எழுத வேண்டும். இதுவே நாம் சொல்ல விரும்புவது.

கார்டைட் என்றால் என்ன?

பழைய காலத்துத் துப்பாக்கிகளில் கருமருந்து போட்டுக் கெட்டித்தார்கள். வெடியுப்பு, கந்தகம், கரி ஆகிய மூன்றும் சேர்ந்ததுதான் கருமருந்து. சுட்டவுடன் குப்பென்று புகை கிளம்பும். சுட்டவனுக்கு எதிரே இருப்பவன் தெரியமாட்டான். எதிரிக்கோ, சுட்டவன் எங்கே ஒளிந்திருக்கிறான் என்பது தெரிந்துவிடும்!

ஆகவே, புகை இல்லாத மருந்து வேண்டும் என்று எல்லா நாடுகளும் தேடின.

1889-ம் ஆண்டில் இங்கிலாந்தில் பிரெடரிக் ஏபெல், ஜேம்ஸ் டூவார் என்ற இரண்டு விஞ்ஞானிகள் ஒரு புது மருந்தைக் கண்டுபிடித்தார்கள். அதில் 100 பங்குக்கு 58 பங்கு நைட்ரோகிளிசரின். 37 பங்கு வெடிபஞ்சு. மீதி 5 பங்கு வாசலின். ஆம், உதட்டு வெடிப்புக்குத் தடவுகிறோமே, அதே வாசலின்தான்!

இந்த மூன்றையும் அசிட்டோன் என்ற திரவம் விட்டுப் பிசைந்தார்கள். மாவு பதத்துக்கு வந்தது. அதை அச்சில் போட்டு அழுத்தினார்கள். நாம் இடியாப்பம் பிழிகிறோம் அல்லவா? அதுபோல நீள நீளமாகக் கயிறு கயிறாக வெளியே வந்தது.

ஆங்கிலத்தில் கயிற்றுக்குக் "கார்ட்" என்று பெயர். அதனால் இந்த மருந்துக்குக் "கார்டைட்" என்று பெயர் வந்தது.

இதில் ஒரு செய்தியைக் கவனிக்க வேண்டும். குண்டை வெடித்துச் சிதற அடிப்பது கார்டைட்டின் வேலை அல்ல. அது மிக வேகமாக எரியும். எரியும்போது உண்டாகும் வாயு, குண்டைக் குழாயிலிருந்து வெளியே தள்ளும். அதாவது, இது தள்ளுகிற மருந்து. தகர்க்கிற மருந்து அல்ல.

ஒரே சொல்லால் தோற்ற நோபல்

கார்டைட்டின் கதையில் ஆரம்பத்திலேயே ஒரு சொல் தகராறு வந்துவிட்டது.

நோபல் பரிசு ஏற்படுத்திய ஆல்பிரட் நோபலை எல்லோருக்கும் தெரியும். அவர் 1887-ம் ஆண்டிலேயே "பாலிஸ்டைட்" என்று ஒரு புகையில்லாத மருந்து செய்திருந்தார். அதிலும் நைட்ரோகிளிசரின் உண்டு. வெடிபஞ்சு வகை உண்டு. தன் கண்டுபிடிப்பைப் பற்றி ஏபெலிடமும் டூவாரிடமும் அவர் நம்பிக்கையோடு பேசியும் இருந்தார்.

கார்டைட் வெளிவந்ததும் நோபலின் கம்பெனி வழக்குப் போட்டது. "எங்கள் மருந்தைக் காப்பி அடித்துவிட்டார்கள்" என்று சொன்னது.

வழக்கு, பிரபுக்கள் சபை வரை போயிற்று. 1895-ம் ஆண்டில் தீர்ப்பு வந்தது. நோபல் கட்சி தோற்றுப் போனது!

ஏன்? நோபல் தன் உரிமைப் பத்திரத்தில், "கரையும் வகை" வெடிபஞ்சு என்று எழுதியிருந்தார். கார்டைட்டில் இருந்ததோ "கரையாத வகை". அந்த ஒரு சொல் போதும், வழக்கு போயிற்று.

நோபலுக்கு இலக்கிய ஆசையும் உண்டு. நாடகம் எழுதுவார். இந்த வழக்கில் பட்ட வேதனையால், நீதிமன்றத்தைக் கேலி செய்து ஒரு நாடகம் எழுதத் தொடங்கினார். அடுத்த ஆண்டு, 1896-ல் அவர் இறந்துவிட்டார்.

உலகத்தையே அதிர வைக்கும் மருந்துகளைக் கண்டுபிடித்தவரை ஒரே ஒரு சொல் வீழ்த்திவிட்டது. சொல் சின்னது என்று யாராவது சொன்னால், இந்தக் கதையைச் சொல்லுங்கள்!

ஏழு கட்டம்

இனி, குறுக்கெழுத்துப் போட்டிக்கு வருவோம்.

1913-ம் ஆண்டு டிசம்பர் 21-ந் தேதி, நியூயார்க் நகரப் பத்திரிகை ஒன்றில் ஆர்தர் வின் என்பவர் ஒரு புதிர் வெளியிட்டார். குறுக்கெழுத்துப் போட்டியின் தொடக்கம் அதுதான் என்று சொல்கிறார்கள். பிறகு அது உலகம் முழுவதும் பரவியது. தமிழ்ப் பத்திரிகைகளிலும் வந்தது. குடும்பத்தோடு உட்கார்ந்து கட்டம் நிரப்புகிற வீடுகள் இன்றும் உண்டு.

ஆங்கிலப் போட்டிகளில் வெடிமருந்துப் பெயர்களுக்கு நல்ல கிராக்கி. "டி.என்.டி." என்பதற்கு மூன்றே எழுத்து. மூன்று கட்டம் காலியாக நின்றால், அதைப் போட்டு அடைத்துவிடலாம். கார்டைட்டுக்கு ஆங்கிலத்தில் ஏழு எழுத்து.

எளிய போட்டி என்றால், "ஒரு வெடிமருந்து" என்று குறிப்பு இருக்கும். கடினமான போட்டியில் அப்படி நேராகக் கேட்கமாட்டார்கள். சுற்றி வளைப்பார்கள்.

எப்படி என்று பாருங்கள்.

"கயிறு, அது, கிழக்கு. மூன்றும் சேர்ந்தால் சுடும்." இதற்கு விடை என்ன?

கயிறு என்றால் "கார்ட்". அது என்றால் "இட்". கிழக்குத் திசைக்கு ஆங்கிலத்தில் அடையாள எழுத்து "இ". மூன்றையும் சேர்த்து எழுதினால் கார்டைட்!

எழுத்துகளைக் கலைத்துப் போடுகிற வகையும் உண்டு. "கிரைட்" என்ற ஆங்கிலச் சொல்லுக்குக் கதறினாள் என்று பொருள். அதற்கு ஐந்து எழுத்து. அதோடு "டு" என்ற இரண்டு எழுத்துச் சொல்லைச் சேருங்கள். மொத்தம் ஏழு. இந்த ஏழையும் இடம் மாற்றி அடுக்கினால், அதுவும் கார்டைட்!

ஒரு வெடிமருந்தின் பெயருக்குள் ஒரு கதறல் ஒளிந்திருக்கிறது. இது எழுத்துகளின் விளையாட்டுத்தான். என்றாலும், அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அது நமக்கு வேண்டியிருக்கும்.

குறுக்கெழுத்துப் போட்டியை நாம் குறை சொல்லவில்லை. அது நல்ல பொழுதுபோக்கு. தெரியாத சொல் வந்தால் அகராதியைப் புரட்ட வைக்கிறது. நாலு சொல் கற்றுக்கொடுக்கிறது.

ஆனால் அதில் ஓர் ஆபத்தும் உண்டு. கட்டத்துக்கு எழுத்து பொருந்தினால் போதும். பொருள் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் பரவாயில்லை என்ற எண்ணம் வந்துவிடும். டைனமைட் என்று குறிப்புக் கொடுத்து, டி.என்.டி. என்று விடை எதிர்பார்ப்பார்கள். இரண்டும் வேறு வேறு! டைனமைட் என்பது, நைட்ரோகிளிசரினை ஒருவகை மண்ணில் ஊற வைத்து நோபல் செய்தது. 1867-ல் அதற்கு உரிமை பெற்றார். டி.என்.டி.யில் நைட்ரோகிளிசரினே கிடையாது. அது தனி ரசாயனம். 1863-ல் ஒரு ஜெர்மானியர் அதை மஞ்சள் சாயத்துக்காகச் செய்தார்.

வெளுத்தது எல்லாம் பால் அல்ல. வெடிப்பது எல்லாம் ஒன்றும் அல்ல.

பார்த்து எழுதிய வாசனை

கட்டம் நிரப்புகிறவர் செய்யும் தவறு காகிதத்தோடு போய்விடும். கதாசிரியர் செய்யும் தவறு அப்படி அல்ல. அது அடுத்த கதாசிரியருக்குத் தொற்றிக்கொள்ளும்.

ஒரு காலத்தில் கார்டைட் வாசனை உண்மைதான். 1890-களிலிருந்து பிரிட்டிஷ் சிப்பாயின் 303 துப்பாக்கித் தோட்டாவில் கார்டைட் இருந்தது. முதல் உலகப் போரின் பதுங்கு குழியில் நடக்கும் கதையில் "கார்டைட் நெடி" என்று எழுதினால், அது சரி. போர்க்கப்பல் பீரங்கி மேடையில் நடக்கும் கதையில் எழுதினாலும் சரி.

பிறகு காலம் மாறிவிட்டது. வேறு மருந்துகள் வந்தன. பிரிட்டனில் கார்டைட் உற்பத்தி 20-ம் நூற்றாண்டின் இறுதியோடு முடிந்துபோனது. அமெரிக்கக் கைத்துப்பாக்கிகளில் பொதுவாகப் போடுவதோ, அந்தக் காலத்திலிருந்தே வேறு வகைப் புகையில்லா மருந்து.

மருந்து செத்துவிட்டது. வாசனை மட்டும் கதைகளில் உயிரோடு இருக்கிறது!

காரணம் என்ன? கதை எழுதுகிறவர் துப்பாக்கிக்குப் பக்கத்தில் போய் முகர்ந்து பார்த்து எழுதவில்லை. இன்னொருவர் கதையைப் பார்த்து எழுதுகிறார். அந்த இன்னொருவர் வேறொருவர் கதையைப் பார்த்து எழுதியவர். "கார்டைட்" என்ற சொல் காதுக்கு நன்றாக இருக்கிறது. ஏதோ விஷயம் தெரிந்தவர் போலத் தோற்றம் கொடுக்கிறது. அதனால் எல்லோரும் எடுத்துப் போட்டுக்கொள்கிறார்கள்.

கதையில் பொய் இருக்கலாம். சீமான் பொய், மாளிகை பொய், கொலைகாரனும் பொய். அதை நாம் ஒப்புக்கொண்டுதான் புத்தகத்தைத் திறக்கிறோம்.

ஆனால் துப்பறியும் கதையின் உயிர் எது? தடயம்! செருப்பில் ஒட்டிய மண், சாம்பலில் கிடந்த நூல், காற்றில் வந்த வாசனை. இவை உண்மையாக இருந்தால்தான் துப்பறிகிறவர் கெட்டிக்காரர். தடயமே பொய் என்றால், அந்த நிபுணர் எதைக் கண்டுபிடித்தார்? வாசகர் எதை நம்புவது?

போய்ப் பார்த்த எழுத்தாளர்

துப்பறியும் கதைகளுக்கு எல்லாம் தாத்தா என்று சொல்லத் தக்கவர் ஆர்தர் கானன் டாயில். ஷெர்லாக் ஹோம்ஸைப் படைத்தவர் அவர்தான். அவர் கார்டைட்டைப் பற்றி எழுதியபோது எப்படி எழுதினார் தெரியுமா? நேரில் போய்ப் பார்த்து எழுதினார்!

முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் படைக்கு மருந்து போதவில்லை. ஆகவே ஸ்காட்லாந்து எல்லையில், கிரெட்னா என்ற இடத்தில், பிரமாண்டமான கார்டைட் தொழிற்சாலை கட்டினார்கள். அதன் நீளம் ஏறக்குறைய 9 மைல். 1917-ம் ஆண்டில் அங்கே 11 ஆயிரத்துக்கு மேற்பட்ட பெண்கள் வேலை செய்தார்கள். ஆண்களைவிடப் பெண்களே அதிகம். வாரத்துக்கு 800 டன் கார்டைட் வெளியே வந்தது.

1916-ம் ஆண்டில் கானன் டாயில் அங்கே போனார். நைட்ரோகிளிசரினையும் வெடிபஞ்சையும் இளம் பெண்கள் கையால் கலந்து பிசைவதைப் பார்த்தார். அந்தக் கலவைக்கு அவர் ஒரு பெயர் வைத்தார்.

"பிசாசுக் கூழ்!"

இன்றைக்கும் அந்தப் பெயர் வழங்குகிறது. அந்தத் தொழிற்சாலையின் கதையைச் சொல்லும் பொருட்காட்சிசாலைக்கே அதுதான் பெயர்.

கூழ் என்றால் நமக்குத் தெரியும். ஏழையின் வயிற்றை நிரப்புவது கூழ். அம்மன் கோவிலில் ஊருக்கெல்லாம் ஊற்றுவது கூழ். இந்தக் கூழோ வேறு. இதைப் பிசைகிற பெண் தலையில் ஒரு கொண்டை ஊசிகூட வைத்துக்கொள்ளக் கூடாது. உலோகம் உரசி ஒரு பொறி பறந்தால் முடிந்தது. பெண்களைச் சோதித்துத்தான் உள்ளே விடுவார்கள். நைட்ரோகிளிசரின் பட்டாலும் ஆவியாக மூக்கில் ஏறினாலும், மண்டையைப் பிளக்கும் தலைவலி வரும். அவ்வளவையும் தாங்கிக்கொண்டு வேலை செய்தார்கள்.

அதே நைட்ரோகிளிசரினை மிகச் சிறிய அளவில் நெஞ்சுவலிக்கு மருந்தாகக் கொடுக்கிறார்கள். நோபலுக்கே கடைசிக் காலத்தில் டாக்டர்கள் அதைத்தான் எழுதிக் கொடுத்தார்கள். தமிழில் நாம் இதை "வெடிமருந்து" என்று சொல்லுகிறோம். அந்தச் சொல்லில் "மருந்து" இருப்பதும் ஒரு விந்தைதான்!

கதைக்கு உள்ளே எத்தனை கதை!

கார்டைட் என்ற சொல்லைத் திறந்து பார்த்தால், உள்ளே எத்தனையோ உண்மைக் கதைகள் இருக்கின்றன.

பிசைவதற்கு அசிட்டோன் வேண்டும் அல்லவா? போர்க்காலத்தில் அதற்குப் பஞ்சம் வந்தது. மான்செஸ்டரில் இருந்த வைஸ்மன் என்ற ரசாயன அறிஞர், மக்காச்சோள மாவைப் புளிக்க வைத்து அசிட்டோன் எடுக்கும் வழியைக் கண்டுபிடித்தார். 1917-ல் சோளத்துக்கும் தட்டுப்பாடு. உடனே, மரத்தடியில் விழுந்து கிடக்கும் காட்டுக் கொட்டைகளைப் பொறுக்கித் தரும்படி பள்ளிக் குழந்தைகளிடம் சொன்னார்கள். குழந்தைகளும் கூடை கூடையாகப் பொறுக்கினார்கள். எதற்கு என்பது அவர்களுக்குத் தெரியாது! அந்த வைஸ்மன்தான் பின்னால், 1949-ல், இஸ்ரேல் நாட்டின் முதல் ஜனாதிபதி ஆனார்.

1916 மே 31-ந் தேதி, ஜட்லண்ட் கடற்போர் நடந்தது. பிரிட்டனின் மூன்று பெரிய போர்க்கப்பல்கள் வெடித்து மூழ்கின. எதிரியின் குண்டு விழுந்தது பீரங்கி மேடை மேல். அங்கே பிடித்த நெருப்பு, அடுக்கி வைத்திருந்த கார்டைட் பைகளில் பற்றிக்கொண்டு, அடித்தளத்து மருந்துக் கிடங்கு வரை ஓடியது. அந்த மூன்று கப்பல்களிலும் இறந்தவர்கள் 3 ஆயிரத்துக்கு மேல்! தன் மருந்தே தன் கப்பலை அழித்தது.

1945 ஆகஸ்டு 6-ந் தேதி, ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்தது. அந்தக் குண்டு எப்படி வேலை செய்தது தெரியுமா? அதற்குள் ஒரு பீரங்கிக் குழாய் இருந்தது. யுரேனியத் துண்டு ஒன்றை, இன்னொரு யுரேனியத் துண்டின் மேல் சுட வேண்டும். அப்படிச் சுடுவதற்கு வைத்தது எது? பட்டுத் துணிப் பைகளில் கட்டிய கார்டைட். நான்கே பைகள்!

ஒரு நகரத்தை அழித்த அணுகுண்டுக்குத் தீ வைத்த திரி அதுதான்.

இவ்வளவையும் தன்னுள் வைத்திருக்கும் சொல்லை, சீமான் வீட்டுக் கொலையில் சாம்பிராணிப் புகைபோலத் தூவி விட்டால் போதுமா?

நம் மலையில் ஒரு பெயர்

கார்டைட் நமக்குத் தூரத்துச் சரக்கு அல்ல.

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு மலை ரயிலில் போகிறவர்கள், குன்னூரும் வெலிங்டனும் தாண்டியதும் அருவங்காடு நிலையத்தைப் பார்க்கலாம். அங்கே இருப்பது "கார்டைட் தொழிற்சாலை". 1903-ம் ஆண்டில் வெள்ளைக்காரர் காலத்தில் ஏற்பட்டது. இன்றும் நம் படைக்கு வேண்டிய மருந்து வகைகளைச் செய்கிறது. 2021-ல் நிர்வாகம் மாறியபோதும், ஊர் வாயில் அந்தப் பழைய பெயர் மாறவில்லை.

நீலகிரியில் எத்தனையோ குடும்பங்களுக்கு அந்தப் பெயர் சோறு போட்டிருக்கிறது. கதையில் படிக்கிறவருக்குக் கார்டைட் என்றால் வாசனை. அங்கே வேலைக்குப் போகிறவருக்கு அது சம்பளம். அவர் மனைவிக்கோ, மாலையில் அவர் வீடு திரும்பும் வரை வயிற்றில் கட்டிய நெருப்பு.

நம் எழுத்தாளர்களுக்கு

தமிழிலும் துப்பறியும் கதை எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆங்கிலக் கதைகளைத் தமிழில் தருகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு வார்த்தை.

துப்பாக்கி வெடித்தால், "வெடிமருந்து நெடி" என்று எழுதுங்கள். அந்தச் சொல் எந்தக் காலத்துக்கும் பொருந்தும். எந்தத் துப்பாக்கிக்கும் பொருந்தும். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவருக்கும் புரியும். அதில் பொய் இல்லை.

கார்டைட் என்றுதான் எழுத வேண்டுமா? தாராளமாக எழுதுங்கள். ஆனால், அது எந்த ஆண்டில் நடக்கும் கதை, யார் கையில் இருக்கும் துப்பாக்கி என்று பார்த்துக்கொண்டு எழுதுங்கள். கானன் டாயில் கிரெட்னாவுக்கே போனார். நாம் அகராதி வரைக்கும் போகக் கூடாதா?

அரிய சொல்லை எழுதினால் அறிவாளி என்று பெயர் வரும் என்பது சிலருடைய எண்ணம். அப்படி அல்ல. தெரிந்த சொல்லைச் சரியான இடத்தில் எழுதுகிறவரே அறிவாளி.

படிக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. குறுக்கெழுத்துப் போட்டியில் புதுச் சொல் ஒன்று வந்தால், கட்டத்தை நிரப்பியதோடு நின்றுவிடாதீர்கள். "இது என்ன? இதை யார் செய்தார்கள்? எதற்குச் செய்தார்கள்?" என்று கேளுங்கள். குழந்தைகள் கேட்டால், "அதெல்லாம் உனக்கு எதற்கு?" என்று அடக்காதீர்கள். தெரிந்தவர்களிடம் கேட்டுச் சொல்லுங்கள்.

அந்த ஏழு எழுத்துக்குள் ஒரு கதறல் ஒளிந்திருக்கிறது என்று முன்னே சொன்னோம். அது வெறும் எழுத்து விளையாட்டு. ஆனால் கொண்டை ஊசியைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போன பெண்களும், கடலோடு போன மாலுமிகளும், ஹிரோஷிமா மக்களும் விளையாட்டு அல்ல.

சொல்லைக் கையாளுகிறவர், அந்தப் பெண்கள் மருந்தைக் கையாண்டது போல, கவனமாகக் கையாள வேண்டும்.